அரைச் சுற்று

விடியற்காலை ஐந்தே காலுக்கெல்லாம் ஸ்பேனரக்கா குழிக்குள் இறங்கிவிட்டாள். தலைக்கு மேலே ஒரு டாக்சியின் வயிறு. இரவெல்லாம் ஓடிவிட்டு வந்த வண்டி, சூடு ஆறவில்லை. சைலன்சர் குழாய்ப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனால் அடுப்பு வாயில் குனிந்த மாதிரி இருந்தது. பழைய ஆயில் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக ரவிக்கைக்குள் போனது. துடைக்க இன்னொரு கை வேண்டும். இருந்த இன்னொரு கையில் ஸ்பேனர் இருந்தது.

அந்தப் பணிமனையில் ஃபிட்டர்கள் ஆறு பேர். ஐந்து ஆண்கள், இவள் ஒருத்தி. பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர் என்று முதல் வருஷம் சிரித்தவர்கள்தான் இந்தப் பெயரை வைத்தார்கள். இரண்டாம் வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது, பெயர் தங்கிவிட்டது. அக்கா மாட்டிய வண்டி ஒரு சொட்டு ஒழுகாது என்று டிரைவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

வேலை இதுதான். நாள் முழுக்க ஓடும் டாக்சிகளுக்கு இன்ஜின் ஆயில் கொதித்துப்போகிறதென்று, அதைக் குளிரவைக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றைக் கம்பெனி முன்பக்கத்தில் பொருத்தச் சொல்லியிருந்தது. இன்ஜினிலிருந்து ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். குழாய் முனையில் திருகுமரை போட்ட பித்தளை இணைப்பு. அது போய் உட்காரும் இடம் அலுமினியம். மரை கூம்பு மரை, உள்ளே போகப்போக இறுகும். ஆனால் எண்ணெய் இருக்கிறதே, மயிரிழை சந்து கிடைத்தாலும் வெளியே வந்துவிடும். அதற்குத்தான் மரையில் பசை பூசுவது.

பூசுவதற்கும் ஒரு முறை உண்டு. தின்னரில் பிரஷ்ஷை நனைத்து மரையைக் கழுவ வேண்டும், துளி எண்ணெய் ஒட்டியிருந்தாலும் பசை பிடிக்காது. காய்ந்த பிறகு முனையிலுள்ள முதல் மரையை வெறுமனே விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பூச வேண்டும், இல்லையென்றால் பிதுங்கிய பசை ஆயிலோடு இன்ஜினுக்குள் போய்விடும். கையால் முடிந்தமட்டும் முறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று. அதோடு கையை எடுத்துவிட வேண்டும். கடைசியில் இணைப்புக்கும் அலுமினியத்துக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் மரை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். யார் மாட்டியது என்று தெரிய ஆளுக்கொரு நிறம், அக்காவுடையது வெள்ளை. அதற்கப்புறம் வண்டி ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் என்று பசை டியூபிலேயே அச்சடித்திருக்கிறது.

அச்சடித்தவனுக்கென்ன, அவனா டாக்சி கம்பெனி நடத்துகிறான்? மூன்று மாதத்துக்கு முன்னால் முதலாளி குழி ஓரத்தில் வந்து நின்றார். "நாப்பது வண்டியில ஆறு வண்டி எப்பப் பாத்தாலும் தூங்கிட்டிருக்கு. நான் என்ன வண்டிக்குத் தாலாட்டா பாடிட்டிருக்கேன்?" என்றார். குழாய்க்காரர் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றிவிடுங்கள், காய வேண்டிய அவசியமே இல்லை என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். டேப் பிய்ந்து பிசிறு ஆயில் ஓடும் வழியை அடைத்தால் இன்ஜினே செத்துப்போகும் என்று அக்காதான் மல்லுக்கு நின்று அதைத் தடுத்தாள். டேப் வரவில்லை. பதிலுக்கு, இருபத்து நான்கு மணி நேரம் ஒரு மணி நேரமானது. தின்னரும் நின்றது, துணியால் துடைத்தால் போதுமாம். இந்தச் சட்டத்தைக் காவல் காக்க ஒரு மேற்பார்வையாளர் வந்தார். ஆறடி உயரம், வாயைத் திறந்தால் மணிதான் சொல்வார். மணிக்கூண்டு என்று அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது.

காயாத பசை கசியாமல் என்ன செய்யும்? வண்டிகள் திரும்பி வந்தன. திரும்பி வந்த வண்டிக்கு ஒரு சீட்டு, மூன்று சீட்டு சேர்ந்தால் ஃபிட்டர் வீட்டுக்கு. இரண்டாவது சீட்டு கைக்கு வந்த அன்று ஸ்பேனரக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒன்றரைச் சுற்றோடு நிறுத்தாமல் இன்னும் ஓர் அரைச் சுற்று. கசிவு நின்றது. பக்கத்துக் குழியில் வேலை பார்க்கும் ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்து, "என்னக்கா மந்திரம் இது?" என்றான். அவனுக்கும் சொன்னாள். ஒரே வாரத்தில் ஆறு பேரும் அரைச் சுற்றுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அலுமினியம் மெத்தென்ற சாதி, கூம்பு மரையை அதில் அளவுக்கு மேல் ஏற்றினால் ஆப்பு அடித்த மாதிரி பிளக்கும். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சுற்றினாள். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் பிரயோசனமில்லை.

"மணி அஞ்சு நாப்பது!" மேலிருந்து குரல் வந்தது. "ஆறே முக்காலுக்கு இந்த வண்டி வெளிய போகணும்."

"பசை இன்னும் ஈரம் சார்."

"ஓடுற ஓட்டத்துல காய்ஞ்சிடும்."

"ஈரத் துணியை உடுத்திட்டு ஓடுங்க, உடம்புலயே காய்ஞ்சிடும்னு சொல்ற மாதிரி இருக்கு."

"வாய் மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்யுது. சுத்துக்கா, சுத்து!"

சுற்றினாள். ஒன்றரை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அரை.

ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. பாலத்து ஏற்றத்தில் ஒரு டாக்சி தீப்பிடித்துவிட்டது. ஆயில் பீய்ச்சி சைலன்சரில் பட்டிருக்கிறது, படபடவென்று பிடித்துக்கொண்டது. டிரைவர், பின்னால் இருந்த இரண்டு பேரை இழுத்து வெளியே விட்டுவிட்டு, கடைசியாக இறங்கியிருக்கிறான். அதற்குள் இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் வெந்துவிட்டன.

"எந்த வண்டி?" என்று கேட்டாள் அக்கா.

ஒட்டடைக்குச்சி அவள் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக வாங்கிக்கொண்டான். அப்போதே புரிந்துவிட்டது. அது அவள் தம்பி ஓட்டும் வண்டி. கூடப் பிறந்த ஒரே தம்பி.

மத்தியானம் அந்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார்கள். முன்பக்கம் முழுக்கக் கரி. அக்கா குனிந்து பார்த்தாள். இணைப்பு அப்படியே இருந்தது, கழலவில்லை. அது உட்கார்ந்திருந்த அலுமினியத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். கரியைக் கட்டைவிரலால் துடைத்தாள். அடியில் வெள்ளைக் கோடு. ஐயோ, என் கை, என் கை என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மணிக்கூண்டும் அதைப் பார்த்துவிட்டார். கால் மணி நேரத்தில் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, வெள்ளை யாரோடது?" முதலாளி குரலை உயர்த்தவில்லை.

"என்னோடதுதான் முதலாளி."

"அளவு எவ்வளவு?"

"கை முறுக்குக்கு மேல ஒன்றரைச் சுத்து."

"நீ எத்தனை சுத்துனே?"

அவள் தரையைப் பார்த்தாள். "ரெண்டு."

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று மணிக்கூண்டைப் பார்த்தார் முதலாளி.

"ஏன் ரெண்டு சுத்துனேன்னும் கேளுங்க முதலாளி."

"ஏன்னு கேக்க நான் என்ன வாத்தியாரா?" மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். தயாராக இருந்தது. என் கவனக்குறைவால் அளவுக்கு மீறி முறுக்கியதால் விபத்து நேர்ந்தது, இதற்குக் கம்பெனி எவ்விதத்திலும் பொறுப்பல்ல. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "போட்டுட்டா உன் வேலையோட போச்சு. உன் தம்பி வைத்தியத்தை நாங்க பாத்துக்குவோம். போடலேன்னா நாளைக்குப் பத்து மணிக்கு போலீஸ்கிட்ட போவேன், ஆஸ்பத்திரி செலவும் உங்க பாடு. நிதானமா யோசி. நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல."

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். குழி ஓரத்தில் நின்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பயம் அவர்களுக்கும்தான். அவர்கள் கோடும் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. தம்பியின் கால்களுக்கு மேலே கூடு மாதிரி ஒரு கம்பி வளையம் வைத்து, அதன்மேல் துணியைப் போர்த்தியிருந்தார்கள். தம்பி மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, அழுகை நின்று வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"அண்ணி, வெள்ளைக் கோடுன்னு சொல்றாங்க. உண்மையா?"

"உண்மைதான்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடித்திருந்தால்கூட ஸ்பேனரக்கா தாங்கியிருப்பாள். மடித்த தாளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "இதுல கையெழுத்துப் போட்டா இவன் வைத்தியம் நடக்கும். போட்டுடறேன். நான் செஞ்சதுக்கு நான்தானே கட்டணும்."

தம்பி கண்ணைத் திறந்தான். மருந்து மயக்கத்தில் நாக்கு குழறியது. "படி."

படித்தாள்.

"அக்கா, நீ போட்டுட்டா, என் வண்டிக்குப் பின்னால நின்னுச்சே, நம்ம டிரைவர் பாட்டுக்காரர் வண்டி, அது நாளைக்கு ஓடுமா ஓடாதா?"

"ஓடும்."

"அதுலயும் அரைச் சுத்துதானே?"

அக்கா தலையை ஆட்டினாள். தம்பி மனைவி திரும்பினாள். தாளைப் பார்த்தாள். பிறகு, "உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு அண்ணி. இருக்கத்தான் செய்யும்," என்றாள். "அதுக்காக இன்னொருத்தி வந்து இந்தச் சுவர்ல சாய்ஞ்சு உக்காரணுமா?" தன் கைப்பையைத் துழாவி முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்தாள். "போன தடவை எங்க வண்டி கசிஞ்சப்போ பவுடர் தூவித்தானே கண்டுபிடிச்சீங்க? எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் இன்னும் விடியவில்லை. முற்றத்தில் இரவு ஓடி முடித்த வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கா முதலில் தன் வெள்ளைக் கோட்டு வண்டிகளைத்தான் தேடிப் போனாள். பதினொன்று இருந்தன. இணைப்பைச் சுற்றிலும் துணியால் சுத்தமாகத் துடைத்தாள், பவுடரைத் தூவினாள், இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்தாள். முதல் வண்டியில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. மூச்சு வந்தது. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பவுடரில் நூல் மாதிரி கறுப்பாக ஒன்று இறங்கியது. நேற்றைக்கு இந்த வண்டியும் பாலம் ஏறியிருக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறியிருக்கும்.

"அக்கா, அந்த டப்பாவைக் கொஞ்சம் குடு."

ஒட்டடைக்குச்சி. அவனுக்குப் பின்னால் மற்ற நாலு பேரும் நின்றார்கள். யாரும் சொல்லி அனுப்பி வந்தவர்கள் இல்லை. அவர்களுக்கும் அன்று தூக்கம் வந்திருக்காது.

"நேத்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னோம். வெக்கமா இருக்கு," என்றான் அவன். "என் நீலக் கோட்டு வண்டி ஒன்பது இருக்கு. நீ ஒருத்தி எப்படிப் பாப்பே?"

"நான் சொல்லிக்குடுத்த பாவம்தானேடா."

"நீ சொன்னே சரி. சுத்துனது என் கைதானே? உன் கையைக் கடன் வாங்கியா சுத்துனேன்?"

ஆறு மணிக்குள், எரிந்தது போக மீதி முப்பத்தொன்பதில் முப்பத்தொரு வண்டிகளைப் பார்த்துவிட்டார்கள். ஏழில் கறுப்பு நூல். அடையாளத்துக்கு ஏழின் முன்மூடியையும் திறந்து வைத்தார்கள். அதற்குள் பகல் டிரைவர்கள் வந்துவிட்டார்கள். வாயில் எப்போதும் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்காரர்தான் அவர்களில் முன்னால் வந்தார். அன்று மெட்டு இல்லை.

"சாவியைக் குடுங்க."

"இன்னைக்கு எடுக்க வேண்டாம்ணே," என்றாள் அக்கா.

"ஏன்?"

இருபது முப்பது டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். சொல்லாமல் தப்பிக்க அதுதான் கடைசி இடம். "பசை காய விடாம அனுப்பச் சொன்னாங்க. கசிஞ்சா எங்களுக்குச் சீட்டு. அதுக்குப் பயந்து அளவுக்கு மேல அரைச் சுத்து இறுக்குனோம். நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன். எந்த வண்டியில எப்பப் பொளக்கும்னு தெரியாது."

"அடப்பாவிகளா!" பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து வந்து ஒட்டடைக்குச்சியின் சட்டையைப் பிடித்தான். "எங்க காலுக்குக் கீழ வெடியை வெச்சுட்டு, காலையில வணக்கம் வேற சொல்லியிருக்கீங்க! மூணு மாசமா ஒரு வார்த்தை சொன்னீங்களாடா?"

ஒட்டடைக்குச்சி கையை விலக்கவில்லை. "சொல்லல. தப்புதான்."

அந்தப் பதிலில் பிடித்தவனின் கை எப்படியோ தளர்ந்துவிட்டது. பாட்டுக்காரர் தன் வண்டிக்குப் போய், குனிந்து, வெகுநேரம் அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது விரல் நுனியில் கறுப்பாகக் குழைந்த பவுடர். அதை எல்லாருக்கும் காட்டினார். "நேத்து இதுலதான் ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்திட்டுப் போனேன்," என்றார்.

பார்க்காமல் விட்ட எட்டு வண்டிகளையும் டிரைவர்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவற்றில் இரண்டு கறுப்பு. ஆக ஒன்பது வண்டிகள் விரிசல், அவற்றைப் பாகம் மாற்றாமல் தொடவே முடியாது. மற்றவற்றைக் கழற்றிக் கழுவி முறைப்படி பூசலாம். ஆனால் கழுவ தின்னர்? கழிவுத்துணி கேட்டாலே மூன்று கையெழுத்து கேட்கும் ஸ்டோர்காரர், இரண்டு கையிலும் டின்னைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"கையெழுத்து?" என்று ஒட்டடைக்குச்சி வாயைப் பிளந்தான்.

"கையெழுத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். பிடிடா, கை வலிக்குது."

முதலாளியின் கார் எட்டு மணிக்கு வாசலில் நின்றது. முற்றம் முழுக்கத் தின்னர் நெடி. வண்டிகளின் அடியில் கால்கள், குழிக்குள் தலைகள். ஃபிட்டர்கள் பூச, டிரைவர்கள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கூண்டு ஓரமாக நின்றார். அன்று அவர் யாருக்கும் மணி சொல்லவில்லை.

"என்ன நடக்குது இங்க? ஒரு வண்டிகூட வெளிய போகலியா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரக்கா குழியிலிருந்து ஏறி வந்தாள். இடுப்பிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். முதலாளி வாங்கிப் பார்த்தார். கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது. திருப்பினார். பின்பக்கம் பென்சிலால், எண்ணெய்க் கறையோடு எழுதியிருந்தது. அவள் அளவுக்கு மேல் அரைச் சுற்று இறுக்கியது, ஏன் இறுக்கினாள் என்பது, தின்னரை நிறுத்தியது யார், ஒரு மணி நேரத்தில் அனுப்பச் சொன்னது யார், எந்தெந்த வண்டியில் விரிசல் என்று எல்லாம் இருந்தது. அடியில் அவள் கையெழுத்து. அதன் அடியில் ஐந்து ஃபிட்டர்கள். அதன் அடியில் டிரைவர்கள். இடம் போதாமல் ஓரங்களிலும் போட்டிருந்தார்கள்.

"போலீஸுக்கு இதையே குடுங்க முதலாளி. இதே மாதிரி இன்னொண்ணு எழுதி எங்ககிட்ட வெச்சிருக்கோம்," என்றாள். "அரைச் சுத்து என்னோடது. அதை நான் எங்கயும் வந்து ஒத்துக்கறேன். ஒரு மணி நேரம் உங்களோடது."

"உன் தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கறது ஞாபகம் இருக்கா?"

அவள் உதடு நடுங்கியது. நடுங்கத்தான் செய்யும், கல்லா அவள்? பதில் சொன்னது பாட்டுக்காரர்தான். "அவன் உங்க வண்டியில வெந்தவன் முதலாளி. அவனைப் பாக்கறது உங்க கடமை. அதுக்கு அவங்க அக்காவை விலை கேக்காதீங்க."

"நீ வண்டியை எடு. எடுக்கலேன்னா இன்னையோட கணக்கு முடிஞ்சுது. உனக்கு மட்டுமில்ல, எவனுக்கும்தான்!"

பாட்டுக்காரர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவன் தலையைச் சொறிந்தான், ஒருவன் வீட்டை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பயம் எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் ஒருவரும் சாவிப் பலகைப் பக்கம் நகரவில்லை. காலையில் சட்டையைப் பிடித்தவன் ஒட்டடைக்குச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"மிரட்டிப் பாக்கறீங்களா?" முதலாளி முதல் முறையாகக் கத்தினார். "வேற ஆளுங்களைக் கொண்டுவந்து பத்து நிமிஷத்துல வண்டியை எடுப்பேன். போலீஸோட வந்து எடுப்பேன்!"

"வாங்க. யார் வந்தாலும் இதையேதான் சொல்வோம்," என்றாள் ஸ்பேனரக்கா. அவள் குரல் இன்னும் முழுதாக நிதானத்துக்கு வரவில்லை. ஆனாலும் பக்கத்திலிருந்த வண்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குக் காலை வரைக்கும் ஒரு வண்டியையும் தொட விடமாட்டோம் முதலாளி. பசை காய்ஞ்சிட்டிருக்கு."

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். யாரிடம் பேசுகிறார், யார் வரப்போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வண்டிகளுக்கு நடுவில் யாரோ ஒரு பழைய தார்ப்பாயை விரித்தார்கள். ஐந்து ஃபிட்டர்களும், டிரைவர்களும், ஸ்டோர்காரரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு இடமில்லை என்று பார்த்ததும் எல்லாரும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள்.